பெயர்ப்பலகையும் பின்னணிப் படமும்

இன்று ஒரு தொழிலைத் தொடங்குபவர் இரண்டு பெயர்ப்பலகைகளை மாட்டுகிறார். ஒன்று கடைவாசலில் இருப்பது. மற்றொன்று முகநூல், எக்ஸ், யூடியூப், லிங்க்டுஇன், வாட்ஸ்அப் பிசினஸ் போன்ற தளங்களில் நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் அகலமாக விரியும் பின்னணிப் படம். முதல் பலகைக்கு எழுத்தின் உயரத்தையும் வண்ணத்தையும் எதிர்ச்சாரியில் நின்று பார்த்துச் சரிசெய்கிறோம். இரண்டாவதற்கு, கணினி பழகிய பிள்ளை ஒருவரிடம் "நல்லதாக ஒரு படம் போட்டுவிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். புதிதாக வரும் வாடிக்கையாளர்களுள் பலர் இரண்டாவது பலகையைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்பதை எண்ணும்போது, இந்த வழக்கம் நமக்குச் சரியாகப் படவில்லை.

வங்கி இதழில் இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். படத்தின் அழகைப் பற்றிப் பேச வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் அழகான ஒரு படத்தை நம்பிப் பணத்தை அனுப்பிவிட்டுப் பதறிக்கொண்டு கிளைக்கு வருபவர்களைச் சந்திப்பவர்கள் வங்கி ஊழியர்களே. அப்படி வருபவர்களிடம் "எப்படி நம்பினீர்கள்?" என்று கேட்டால், "பார்ப்பதற்கு அசல் கம்பெனி பக்கம் போலவே இருந்தது" என்பதே பெரும்பாலும் விடை. ஒரு நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் பின்னணிப் படத்தையும் அப்படியே எடுத்து வேறொரு பக்கத்தைத் தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆகவே பின்னணிப் படத்தில் எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதை அலங்காரம் சார்ந்த முடிவாக மட்டும் நாம் கருதவில்லை. அது பணப் பாதுகாப்பு சார்ந்த முடிவும் ஆகும்.

சட்டம் அறிந்த பலகை

வாசலில் தொங்கும் பலகைக்கு நம் நாட்டில் தெளிவான சட்டம் உண்டு. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 12-ஆம் பிரிவில், ஒவ்வொரு நிறுவனமும் தான் தொழில் நடத்தும் ஒவ்வோர் இடத்திலும் தன் பெயரையும் பதிவு அலுவலக முகவரியையும் கண்ணில் படும் இடத்தில், படிக்கத்தக்க எழுத்துகளில் வெளிப்புறம் எழுதிவைக்க வேண்டும் என்கிறது. அந்த எழுத்துகள் அவ்வட்டாரத்தில் பொதுவாக வழங்கும் மொழியின் எழுத்துகளாக இல்லாவிட்டால், அம்மொழியிலும் எழுத வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.1,000 வீதம், அதிகபட்சம் ரூ.1 லட்சம் வரை அபராதம். சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பெற்றவர், வாயிலில் உள்ள பெயர்ப்பலகையில் தம் பதிவு எண்ணையும் காட்ட வேண்டும் என்று அவ்வரியின் விதிகள் சொல்கின்றன.

இந்த விதிகளின் நோக்கத்தைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். பலகை அழகாக இருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. யார் இங்கே தொழில் செய்கிறார், அவரை எங்கே தேடிப் பிடிக்கலாம், பதிவேட்டில் அவர் எந்தப் பெயரில் இருக்கிறார் என்ற மூன்று கேள்விகளுக்கும் தெருவில் நிற்பவருக்கே விடை தெரிய வேண்டும் என்பதுதான் அதன் அக்கறை. கடன் கொடுத்தவரும் சரக்கு வாங்கியவரும் ஏமாறாமலிருக்க நெடுங்காலப் பட்டறிவிலிருந்து பிறந்த விதி அது. தில்லியின் சாலைப் பெயர்ப்பலகைகளில் ஹிந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது என்று நான்கு எழுத்துகள் நிற்பதும் வழிப்போக்கர் எவரும் தடுமாறக் கூடாது என்ற அதே எண்ணத்தில்தான்.

திரையில் விரியும் பலகையை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சூரிய உதயம், கைகுலுக்கும் இரு கைகள், கண்ணாடிக் கட்டடம், மேல்நோக்கிப் போகும் அம்புக்குறி. இவை எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் என்பதாலேயே எந்த நிறுவனத்தையும் அடையாளம் காட்டுவதில்லை. ஊறுகாய் செய்பவரும் உதிரிபாகம் விற்பவரும் ஒரே இலவசப் படக் களஞ்சியத்திலிருந்து ஒரே சூரியனை எடுத்துக்கொள்கிறார்கள். போலிப் பக்கம் தொடங்குபவருக்கு இதைவிட வசதி வேறில்லை.

அசோக் குமார் என்னும் பிரதிவாதி

தில்லி உயர் நீதிமன்ற வழக்குப் பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு 'அசோக் குமார்' என்ற பெயர் அடிக்கடி தென்படும். அது ஒரு குறிப்பிட்ட மனிதரின் பெயரன்று. யாரென்று இன்னும் தெரியாத பிரதிவாதிக்கு நம் நீதிமன்றங்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர் அது. ஆங்கிலேய மரபில் 'ஜான் டோ' என்று சொல்வதன் இந்திய வடிவம். ஒரு நிறுவனத்தின் பெயரைத் திருடியவர் யாரென்று தெரியாத நிலையில், வழக்கு அசோக் குமாரின் மேல் போடப்படுகிறது.

2022-இல் டாபர் நிறுவனம் தொடுத்த வழக்கும் அப்படிப்பட்டதே. டாபரின் பெயரைக் கொண்ட இணையதள முகவரிகளைப் பதிவுசெய்து, விநியோக உரிமை தருவதாக ஆசை காட்டிச் சிலர் பணம் வசூலிக்கிறார்கள் என்பது புகார். இதே போன்ற புகாரோடு வேறு பல நிறுவனங்களும் வர, உயர் நீதிமன்றம் அவற்றைத் தொகுத்து விசாரித்தது. அங்கே எழுந்த கேள்விகளுள் ஒன்று வங்கித் துறையை நேராகத் தொட்டது. பணம் அனுப்புபவர் ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரை எழுதுகிறார். கணக்கு எண்ணோ வேறொரு தனிமனிதருடையது. பெயரும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று அனுப்புவதற்கு முன்பே பார்க்க வழி இல்லையா?

யூ.பி.ஐ. முறையில் பெறுபவரின் பெயர் முன்பே திரையில் தெரிந்துவந்தது. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் அவ்வசதி இல்லை. ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர் 30 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் அவ்வசதியைக் கட்டணமின்றித் தரவேண்டும் என்று பணிக்கப்பட்டன. கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் இட்டால், அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது பணம் அனுப்பும் முன்பே தெரியும். இதைப் பயன்படுத்தச் சோம்பல் படுபவர்களை இன்றும் காண்கிறோம். "தெரிந்த கம்பெனிதானே" என்கிறார்கள். தெரிந்தது கம்பெனியா, அதன் படமா என்பதுதான் கேள்வி.

தொழில் நடத்துபவர் இதிலிருந்து தமக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய குறிப்பு ஒன்று உண்டு. உங்கள் நடப்புக் கணக்கின் பெயரும், பின்னணிப் படத்தில் நீங்கள் போட்டுக்கொள்ளும் பெயரும் வெவ்வேறாக இருந்தால், நேர்மையான வாடிக்கையாளரும் பணம் அனுப்பும்போது தயங்குவார். வணிகப் பெயர் ஒன்றாகவும் பதிவுப் பெயர் வேறாகவும் இருப்பது தவறில்லை. பல நல்ல நிறுவனங்களுக்கு அப்படித்தான் இருக்கிறது. அப்படியானால் படத்தின் ஓரத்தில், சிறிய ஆனால் படிக்கத்தக்க எழுத்தில், பதிவுப் பெயரையும் ஊரையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். வங்கித் திரையில் வரும் பெயரைக் கண்டு வாடிக்கையாளர் திடுக்கிட வேண்டியிராது.

படத்தில் எழுதக் கூடாதவை

தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் பின்னணிப் படத்தில் போடுவது இன்று பரவலான வழக்கம். நாம் இதை ஏற்கவில்லை. படத்தில் உள்ள எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. வாடிக்கையாளர் அதைப் பார்த்துத் தாமே அழுத்த வேண்டும். அதற்கென்று ஒவ்வொரு தளத்திலும் தொடர்பு விவரங்களுக்குத் தனி இடம் இருக்கிறது. இது சிறிய காரணம். பெரிய காரணம் வேறு. படத்தை நகலெடுப்பவர் மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மாற்றிவிடுகிறார். அசல் படத்தில் எண் இருந்து பழகிய வாடிக்கையாளர், போலிப் படத்தில் இருக்கும் எண்ணையும் ஐயமின்றி அழைக்கிறார். அசல் படத்தில் எண்ணே இருந்ததில்லை என்றால், எண்ணோடு ஒரு படம் வரும்போது அவர் சற்று நிற்பார். அந்தச் சிறு தயக்கத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு.

கியூ.ஆர். குறியீட்டைப் பின்னணிப் படத்தில் பதிப்பது இன்னும் மோசம். கடை மேசைமேல் ஒட்டியிருக்கும் குறியீட்டின்மேல் வேறொன்றை இரவோடு இரவாக ஒட்டிவிட்டுப் போகும் திருட்டைப் பற்றி வணிகர்கள் அறிவார்கள். திரையில் அதே வேலையைச் செய்யப் பசையும் தேவையில்லை. வங்கிக் கணக்கு எண்ணைப் படத்தில் போடுபவர்களைப் பற்றி நாம் எதுவும் சொல்லப்போவதில்லை. அவர்கள் நன்கொடை திரட்டும் சங்கங்களாக இருந்தாலும் சரி.

"அப்படியானால் வாடிக்கையாளர் எங்களை எப்படித் தொடர்புகொள்வார்?" என்ற கேள்வி நியாயமானது. படத்தில் இணையதள முகவரியை மட்டும் எழுதுங்கள். எண்களும் பிற விவரங்களும் தளத்தில் இருக்கட்டும். தளத்தில் உங்கள் சமூக ஊடகப் பக்கங்களுக்கான இணைப்புகளும் இருக்க வேண்டும். போலிப் பக்கத்தால் உங்கள் படத்தை எடுத்துக்கொள்ள முடியும். உங்கள் இணையதளத்திலிருந்து தனக்கு ஓர் இணைப்பைப் பெற முடியாது. பக்கம் தளத்தையும், தளம் பக்கத்தையும் ஒன்றையொன்று சுட்டும்போது, ஐயமுற்ற வாடிக்கையாளர் தாமே சரிபார்த்துக்கொள்ள ஒரு வழி பிறக்கிறது. தளத்தின் முகவரியைப் படத்தைப் பார்த்துத் தட்டாமல், பில்லிலோ பையிலோ அச்சிட்டதைப் பார்த்துத் தட்டினால் இன்னும் நல்லது.

வங்கிகள் விஷயத்தில் இதை ஒழுங்குபடுத்த ரிசர்வ் வங்கி முன்வந்தது. இந்திய வங்கிகளுக்கு மட்டுமே உரிய 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முகவரியைக் கொண்டுவரப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. ஹைதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப மேம்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் மட்டுமே அந்த முகவரியைப் பதிவுசெய்து தரும். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாறிவிட வேண்டும் என்று காலக்கெடுவும் தரப்பட்டது. ஆகவே எந்த வங்கியின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்தாலும், பின்னணிப் படத்தின் பொலிவைப் பார்க்காதீர்கள். அங்கே தரப்பட்டுள்ள தள முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். படத்தில் அப்படி எழுதியிருந்தால் போதாது. திறந்த தளத்தின் முகவரிப் பட்டையில் அப்படி இருக்க வேண்டும். எக்ஸ் தளத்தில் ஒரு வாடிக்கையாளர் தம் குறையைப் பொதுவில் எழுதினால், சில நிமிடங்களிலேயே வங்கியின் சின்னத்தோடும் பின்னணியோடும் ஒரு 'வாடிக்கையாளர் சேவை' பக்கம் வந்து, "உங்கள் எண்ணைத் தாருங்கள், அழைக்கிறோம்" என்று அன்பாகப் பேசுவதுண்டு. எந்த வங்கியின் உண்மையான ஊழியரும் ஓ.டி.பி.யையோ கடவுச்சொல்லையோ கேட்கமாட்டார்.

நீலக்குறி இருக்கிறதே என்பார்கள். எக்ஸ் தளத்தில் 2022 இறுதியிலிருந்து நீலக்குறி மாதச் சந்தா கட்டினால் கிடைக்கும் ஒன்றாகிவிட்டது. நிறுவனங்களுக்குப் பொன்னிறக் குறியும் அரசு அமைப்புகளுக்குச் சாம்பல் நிறக் குறியும் தனியே உண்டு. இவற்றின் வேறுபாட்டை எத்தனை வாடிக்கையாளர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்? முகநூல், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றின் சந்தாக் குறியும் 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. குறி உதவியானதுதான். அதை மட்டும் வைத்துப் பணம் அனுப்பலாகாது.

சிங்கமும் கொடியும் ரூபாய் நோட்டும்

சிறு நிதி நிறுவனங்களும் கடன் முகவர்களும் தம் பக்கங்களில் பின்னணியாக வைத்திருக்கும் படங்களுள் மூன்று நம்மைக் கவலைப்படுத்துகின்றன.

அசோகரின் நான்முகச் சிங்கம் முதலாவது. 2005-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சின்னம் (முறையற்ற பயன்பாட்டுத் தடை) சட்டம், அரசோடு தொடர்புடையது போன்ற தோற்றத்தைத் தரும் வகையில் அச்சின்னத்தைப் பயன்படுத்துவதைத் தடைசெய்கிறது. இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம் அது. 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டத்தின் அட்டவணையில் மகாத்மா காந்தி, பிரதமர் ஆகியோரின் பெயர்களும் உருவப்படங்களும் இருக்கின்றன. வணிகத்துக்காக அவற்றை அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது. அரசின் கடன் திட்டம் ஒன்றின் பெயரைச் சொல்லிப் பிரதமரின் படத்தையும் பின்னணியில் சேர்த்துக்கொள்ளும் முகவரைக் கண்டால், அவருடைய வட்டி விகிதத்தை விசாரிப்பதற்கு முன்பே விலகிவிடலாம்.

ரூபாய் நோட்டுகளை விசிறிபோல் விரித்துவைக்கும் படம் அடுத்தது. நோட்டைப் போலத் தோன்றும் ஆவணங்களை உருவாக்குவதும் பயன்படுத்துவதும் பற்றிக் குற்றவியல் சட்டத்தில் தனிப் பிரிவே உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பணத்தைக் கண்ணில் காட்டிக் கடன் கொடுக்க அழைக்கும் நிறுவனம் நம்பத்தக்கதா என்பதை வாசகர்களே முடிவுசெய்யலாம்.

மூன்றாவது நம் மூவர்ணக் கொடி. இது சற்று நுட்பமான விஷயம். 2022-இல் விடுதலையின் 75-ஆம் ஆண்டையொட்டி, ஆகஸ்ட் 2 முதல் 15 வரை சமூக ஊடகப் பக்கங்களில் முகப்படமாகக் கொடியை வைக்குமாறு பிரதமர் கேட்டுக்கொண்டார். ஆகஸ்ட் 2 என்பது கொடியின் வடிவமைப்போடு பெயர் இணைந்திருக்கும் பிங்கலி வெங்கய்யாவின் பிறந்தநாள். கோடிக்கணக்கான மக்களோடு நிறுவனங்களும் மகிழ்ச்சியோடு அதைச் செய்தன. அதில் பிழையொன்றும் இல்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் தன் எக்ஸ் பக்கத்தின் முகப்படத்தைக் கொடியாக மாற்றியபோது, அதன் சரிபார்ப்புக் குறி சிறிது காலம் மறைந்துபோயிற்று. முகப்படம் மாறினால் மறுபரிசீலனை முடியும்வரை குறியை நீக்குவது அத்தளத்தின் விதி. கோடிக்கணக்கில் ரசிகர்கள் உள்ள அமைப்புக்கே இதுதான் நிலை என்றால், சிறு நிறுவனம் எந்தப் படத்தை மாற்றுகிறோம், என்ன விளையும் என்று முன்பே அறிந்துகொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொடியின்மேல் எழுத்துகளைப் பொறிக்கக் கூடாது என்பது இந்தியக் கொடி நெறிமுறை. 'சுதந்திர தினத் தள்ளுபடி 40 சதவீதம்' என்று மூவர்ணத்தின் குறுக்கே எழுதிய பின்னணிப் படங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. எழுதியவர்களின் நாட்டுப்பற்றை நாம் ஐயுறவில்லை. அவர்கள் நெறிமுறையைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

வாடகைச் சுவர்

தள்ளுபடி என்றதும் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. 2012-இல் முகநூல் நிறுவனப் பக்கங்களுக்கு அகன்ற முகப்புப் படத்தைக் கொண்டுவந்தபோது, அதில் விலையையும் தள்ளுபடியையும் தொடர்பு விவரங்களையும் எழுதக் கூடாது என்று தடை விதித்திருந்தது. வணிகர்கள் முணுமுணுத்தார்கள், அடுத்த ஆண்டே தடை தளர்ந்தது. நம்மைக் கேட்டால் அந்தப் பழைய தடையே நல்ல ஆலோசனை. விலை வாரந்தோறும் மாறும். வாரந்தோறும் மாறும் பலகையை எந்த வாடிக்கையாளரும் அடையாளமாக மனத்தில் பதித்துக்கொள்ள முடியாது. வங்கிகள் உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் பலவும் பண்டிகைக்கு ஒரு படம், வீட்டுக்கடனுக்கு ஒரு படம் என்று மாற்றிக்கொண்டே இருப்பதை நாம் விரும்பவில்லை. பண்டிகை வாழ்த்தைப் பதிவாக இடலாம். பலகை பலகையாகவே இருக்கட்டும்.

இந்தச் சுவர் நமக்குச் சொந்தமில்லை என்பதையும் மறக்கலாகாது. அப்போது ட்விட்டர் என்று வழங்கிய தளத்தில், பக்கத்தின் இருபுறமும் தெரியும் பின்னணியைத் தம் சின்னங்களோடு வடிவமைக்க நிறுவனங்கள் பெருந்தொகை செலவிட்டன. 2015-இல் அந்தப் பின்னணியையே தளம் எடுத்துவிட்டு வெற்று நிறமாக்கிற்று. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை. ஆகவே இந்தப் படத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுவதைவிட, சொந்தப் பெயரில் ஓர் இணையதள முகவரியைப் பதிவுசெய்து ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிப்பதற்குச் செலவிடுங்கள் என்றே நாம் சொல்வோம்.

அளவுகள் தளத்துக்குத் தளம் வேறுபடும். எக்ஸ் தளம் 1500-க்கு 500 புள்ளிகள் கேட்கிறது. லிங்க்டுஇன்னில் தனிநபர் பின்னணி 1584-க்கு 396. முகநூல் முகப்புப் படம் கணினியில் 851-க்கு 315 ஆகவும், கைபேசியில் 640-க்கு 360 ஆகவும் தெரிகிறது. இந்தக் கடைசிக் கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். உயரத்தை ஒன்றாக வைத்துப் பார்த்தால், கணினியில் தெரியும் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கைபேசியில் தெரியும். இடப்புறமும் வலப்புறமும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மறைந்துவிடும். யூடியூப் இன்னும் கண்டிப்பானது. 2048-க்கு 1152 என்று பெரிய படத்தைக் கேட்டாலும், எல்லாக் கருவிகளிலும் தவறாமல் தெரியும் பகுதி நடுவே 1235-க்கு 338 மட்டுமே. பெயரின் முதலெழுத்து வெட்டுப்பட்டு நிற்கும் பக்கங்கள் இப்படித்தான் உண்டாகின்றன. பெயரும் முகவரியும் நடுப்பகுதியில் இருக்கட்டும். ஓரங்களில் வெறும் நிறமோ துணியின் நெசவோ போதும். அளவுகளைத் தளங்கள் அவ்வப்போது மாற்றும் என்பதால், படம் செய்யும் நாளன்று அத்தளத்தின் உதவிப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

சின்னத்தைப் பின்னணியில் மறுபடியும் பெரிதாகப் போடுவது வீண். அது வட்ட முகப்படத்தில் ஏற்கனவே இருக்கிறது. அந்த வட்டமும் பல தளங்களில் பின்னணியின் கீழ் ஓரத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. வட்டத்துக்குள் எத்தகைய சின்னம் நிற்கும் என்பதற்கு நம் துறையிலேயே நல்ல சான்று உண்டு. பாரத ஸ்டேட் வங்கியின் நீல வட்டமும் அதன் நடுவே சாவித் துளை போன்ற வெண்மையும், அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் 1971-இல் உருவாக்கியவை. கைபேசித் திரையை எவரும் கனவுகாணாத காலத்தில் பிறந்த அச்சின்னம், இன்று விரல்நுனி அளவு வட்டத்திலும் தெளிவாகத் தெரிகிறது. தாத்தா காலத்துச் சின்னத்தில் தாமரையும் அன்னமும் கொடிச் சுருளும் வைத்திருப்பவர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. அதிலிருந்து ஒரே ஓர் உருவை மட்டும் எடுத்து வட்டத்துக்குப் பயன்படுத்தலாம்.

புள்ளி மறைந்தால் பெயர் மாறும்

தலைநகரில் தமிழில் பலகை வைப்பவர்களுக்கு ஒரு தனித் தொல்லை. இங்குள்ள வடிவமைப்பாளர்களுள் பெரும்பாலோர் தமிழ் அறியாதவர்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் சரியாகத்தான் அனுப்புவீர்கள். அவர்கள் தம் மென்பொருளில் ஒட்டும்போது, இந்திய எழுத்துகளுக்கான அமைப்பு முடுக்கப்படாமலிருந்தால், 'கொ', 'கோ' ஆகியவற்றின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். பழைய எழுத்துருக்களில் தட்டி அனுப்பினாலோ, தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாக வந்து நிற்கும். செய்தவருக்குப் பிழை தெரியாது. பார்ப்பவருக்கோ முதல் பார்வையிலேயே, இது போலிப் பக்கமோ என்ற ஐயம் தோன்றும். அந்த ஐயம் நியாயமானதும்கூட, ஏனெனில் மோசடிப் படங்களில் தமிழ் பெரும்பாலும் இப்படித்தான் சிதைந்திருக்கும். யூனிகோடு எழுத்தில் அனுப்புங்கள். முடிந்த படத்தைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கைபேசியில் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

சிறிய அளவில் தமிழ் எழுத்தின் சுழிகள் அடைபட்டுப்போகும், புள்ளிகள் மறையும். 'பட்டு' புள்ளியிழந்தால் எவருக்கும் புரியாது. மெல்லிய அலங்கார எழுத்துகளைத் தவிர்த்து, உட்புறம் திறந்த, சற்றுத் தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னணி நிறத்துக்கும் எழுத்துக்கும் வெளிச்ச வேறுபாடு இருக்க வேண்டும். சிவப்பின்மேல் பச்சையை, நிறக்குறைபாடு உள்ளவர்களால் படிக்க முடியாது. பார்வையற்றவர்களின் திரைவாசிப்பு மென்பொருள் படத்திலுள்ள எழுத்தை நம்பகமாகப் படிப்பதில்லை. எனவே பெயரும் முகவரியும் படத்தில் இருப்பதோடு, பக்கத்தின் விவரப் பகுதியில் எழுத்தாகவும் இருப்பது கட்டாயம்.

எடுத்துக்காட்டாக, கரோல் பாகில் காஞ்சிபுரம் பட்டுப்புடவை விற்கும் ஒரு நிறுவனத்தை எண்ணிக்கொள்வோம். அதன் பின்னணிப் படம் எப்படி இருக்கலாம்? அவர்களுடைய கடையின் உண்மையான முகப்பு, பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரே புகைப்படம். அல்லது அவர்கள் விற்கும் ஒரு புடவையின் கரை, அகலம் முழுவதும். நடுவில் பெயர், தமிழிலும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும். கீழே ஒரே வரியில் பதிவுப் பெயர், 'கரோல் பாக், புது தில்லி', இணையதள முகவரி. மாதிரிப் பெண் இல்லை, தள்ளுபடி இல்லை, எண் இல்லை. எல்லாத் தளங்களிலும் இதே படம். கடைக்கு ஒருமுறை வந்து போனவர், அடுத்த முறை திரையில் அதே முகப்பைக் காணும்போது, இது நாம் போன கடை என்று அறிவார். இலவசக் களஞ்சியத்துச் சூரியனால் அது முடியாது.

இதையும் ஒருவர் நகலெடுக்கலாம். எடுக்கப்பட்டதாகத் தெரிந்தால், முதலில் அந்தப் பக்கத்தின் முகவரியோடு திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு, தளத்தின் ஆள்மாறாட்டப் புகார்ப் படிவத்தில் முறையிட வேண்டும். வணிகக் குறியைப் பதிவுசெய்தவர்களுக்கு அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் புகார் வலுப்பெறும். உங்கள் உண்மையான பக்கத்தில் எச்சரிக்கை ஒன்றை வெளியிடுங்கள். வாடிக்கையாளர் எவரேனும் பணத்தை இழந்திருந்தால், அவர் உடனே 1930 என்ற எண்ணை அழைத்தோ தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலோ பதிவுசெய்து, தம் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன் நிறுத்திவைக்க வேண்டுமானால் முதல் சில மணி நேரமே துணை. மறுநாள் கிளை திறக்கட்டும் என்று காத்திருக்கலாகாது.

பெயரோ முகவரியோ மாறும் காலம் தனிக் கவனம் வேண்டுவது. 2020 ஏப்ரல் 1 அன்று ஆறு பொதுத்துறை வங்கிகள் வேறு நான்கு வங்கிகளோடு இணைந்தபோது, நாடெங்கும் வாசற்பலகைகளும் திரைப்பலகைகளும் மாறின. பழைய பெயரில் பழகியவர்கள் எது தம் வங்கி என்று சில காலம் தடுமாறியது இயல்பே. சிறு நிறுவனத்துக்கும் இது பொருந்தும். கூட்டாளி பிரிந்தாலோ கடை இடம் மாறினாலோ, பழைய பெயரையும் முகவரியையும் தாங்கிய படம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவில் இத்தகைய மாற்றத்தை 15 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வங்கிக் கணக்கின் விவரங்களையும் அதே காலத்தில் திருத்திக்கொள்வது நல்லது. பின்னணிப் படத்துக்கு எவரும் காலக்கெடு வைக்கவில்லை. அதற்கும் அந்த 15 நாட்களையே வைத்துக்கொள்ளலாம் என்பது நம் யோசனை.